மண்டபத்தில் படுத்திருப்பவர் யார் கணக்கு?

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்து வெளியேறிய பிறகு, காரைக்கால் கடலோரத்தில் வீடிழந்தவர்களைத் தேட வேண்டியிருக்கவில்லை. மீனவப் பஞ்சாயத்துகளிடம் தலைக்கட்டுக் கணக்கு இருந்தது. முதலில் கொட்டகை, பிறகு சுனாமி குடியிருப்பு. கொட்டகையின் வெக்கையைப் பற்றியும் ஒழுகும் கூரையைப் பற்றியும் இன்றும் குறை சொல்வார்கள்; ஆனாலும் வீடு வந்து சேர்ந்தது.

கடல் பிடுங்கிய வீட்டுக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம். மகன் வெளியே தள்ளிய தாய்க்கும், புத்தி பேதலித்து ரயிலேறியவருக்கும் தலைக்கட்டு ஏது?

அவர்களைத் தேடி ஆராய்ச்சி செய்யப் புறப்படுபவர் காரைக்கால் பக்கத்துத் திருவேட்டக்குடியிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் போதும். திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி மூன்றையும் அரை நாளில் பார்த்துவிடலாம். சோறு கிடைக்கும், படுக்கத் திண்ணை கிடைக்கும், யாரும் விரட்டமாட்டார்கள் என்பதால் வீடற்றவர்கள் வந்து சேரும் இடங்கள் இவை. சனிக்கிழமை திருநள்ளாற்றில் கையேந்தி உட்கார்ந்திருக்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

சிக்கலும் அங்கேதான். நடைபாதை, கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம், பெரிய குழாய்க்குள் வசிப்பவர்களை வீடற்றவர் என்கிறது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2011 பிப்ரவரி 28 இரவு, அந்த ஒரே இரவில் எண்ணினார்கள். நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர். தமிழ்நாட்டில் சுமார் 51 ஆயிரம். கோயில் ஊரில் ஒரே மண்டபத்தில், ஒரே மாதிரி துண்டை விரித்துப் படுத்திருக்கும் இருவரில் யார் நாளை ஊர் திரும்பும் பக்தர், யார் திரும்ப ஊரே இல்லாதவர்? ஓர் இரவில் இது தெரியாது. பத்து இரவு போக வேண்டும். டீக்கடைக்காரரிடமும் பூக்காரம்மாவிடமும் பழக வேண்டும். “வீடு இல்லையா?” என்று கேட்டால் “இருக்கு” என்றுதான் பதில் வரும், மானம் அவர்களுக்கும் உண்டு. “சாப்பிட்டாச்சா, எந்த ஊரு?” என்று தொடங்கினால் கதை வரும்.

அந்த 17.7 லட்சத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் கிராமங்களில் இருந்தவர்கள். தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தின் காப்பகமோ, பெயரிலேயே இருந்ததுபோல, நகரத்துக்கு மட்டும்தான் வந்தது. லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் நாள் முழுக்க, ஆண்டு முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் வற்புறுத்தியதும் நகரங்களுக்காகத்தான். திருவேட்டக்குடி, கோட்டுச்சேரி கொம்யூனைச் சேர்ந்த கிராமம். இங்கே திண்ணையில் படுப்பவருக்கு அந்த உத்தரவில் இடமில்லை.

இத்தனைக்கும் இது சத்திரங்களின் பூமி. 1801-ல் மன்னர் சரபோஜி ஆங்கிலேய ரெசிடென்டுக்கு எழுதிய கடிதத்தில், தஞ்சைச் சத்திரங்கள் நடந்த விதத்தை விவரிக்கிறார். எல்லாச் சாதியாருக்கும் சோறு. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர்களைக் கூப்பிடுவார்கள். நோயாளிக்கு வைத்தியர், அநாதைப் பிள்ளைக்குப் படிப்பு, இறந்தவருக்கு ஈமக்கடன். மன்னர் தம் தருமத்தைச் சற்று மெருகேற்றியே எழுதியிருக்கலாம். ஆனாலும் வருபவர் யாத்ரீகரா, வீடற்றவரா என்று தரம் பிரிக்காத ஏற்பாடு அது.

தரம் பிரித்துப் பார்க்க வேண்டிய ஒரு கூட்டமும் உண்டு. மனநோயோடு அலைபவர்களுக்குச் சோறும் திண்ணையும் மட்டும் போதாது. 1993-ல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் ‘தி பான்யன்’ அமைப்பைத் தொடங்கியது இப்படித் தெருவில் அலைந்த பெண்களுக்காகத்தான். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி தர்கா அருகே சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியபோதுதான், குணமாகும் என்று வழிபாட்டுத் தலத்துக்கு அழைத்துவந்து விட்டுப்போவதன் முடிவு என்னவென்று நாடு பார்த்தது. 2017-ன் மனநலச் சட்டப்படி, அலைந்து திரியும் மனநோயாளியை லாக்கப்பில் அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியது போலீசின் பொறுப்பு. வீடற்றவராக இருந்தால் காணாமல்போனவர் என்று வழக்கும் பதிய வேண்டும். எங்கோ ஒரு வீட்டில் அவரைத் தேடிக்கொண்டிருக்கலாம் அல்லவா?

அடுத்த முறை திருநள்ளாறு போகும்போது, அன்னதானப் பொட்டலத்தோடு ஒரு நம்பரையும் வைத்துக்கொள்ளுங்கள்: 14567. கைவிடப்பட்டவர்கள் உள்பட முதியவர்களுக்கான உதவி எண், கட்டணம் கிடையாது.