கரை, சாக்கடை, வீடு: யாரிடம் கேட்பது?



புதுச்சேரி நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது வைத்திக்குப்பம். மாசி மகத்தன்று மயிலத்து முருகன் உட்பட பல ஊர்ச் சாமிகள் வந்து தீர்த்தவாரி ஆடும் கரை அது. அன்று ஒரு நாள் அரசின் எல்லாத் துறைகளும் அங்கே நிற்கும். தண்ணீர் லாரி நிற்கும், மருத்துவ முகாம் இருக்கும், தற்காலிகக் கழிப்பறை வரும். மற்ற 364 நாட்களும் அந்தக் கரைக்கு எந்தத் துறை பொறுப்பு என்று கேட்டால் பதில் வராது. இந்த நினைவுரையில் நாம் பேச எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான்.

கரையிலிருந்தே தொடங்குவோம். சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அலை மணலை வடக்கே தள்ளுகிறது; வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திருப்புகிறது. கூட்டிக் கழித்தால் ஆண்டுதோறும் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கியே போகிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு தடுப்புச்சுவர்களைக் கட்டினார்கள். மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது. வடக்கே பட்டினி. தேங்கும் மணலை வாரிக் குழாய் வழியே வடக்கே சேர்ப்பது அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே எழுதப்பட்டிருந்தது. கட்டுமானம் முடிந்தது, மணல் சேர்க்கும் வேலை மட்டும் முறையாக நடக்கவில்லை. கட்டியதற்குக் கல்வெட்டு உண்டு. செய்யாமல் விட்டதற்கு எந்தக் கோப்பிலும் கையெழுத்து இருக்காது.

நகரத்தின் கடற்கரை போனது. அரசு பாறைகளைக் கொட்டியது. பாறை தன் பின்னால் இருக்கும் சாலையைக் காப்பாற்றும், ஆனால் அரிப்பை அடுத்த ஊருக்கு அனுப்பிவிடும். அப்படியே ஊர் ஊராக வடக்கே நகர்ந்து, தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை வீடுகளைக் கடல் தின்றது. புதுச்சேரி அரசு கட்டிய சுவருக்குத் தமிழ்நாட்டு மீனவர் விலை கொடுத்தார். பாறை போட்ட இடத்தில் மரத்தை இழுத்துக் கரையேற்ற முடியாது. வலை காய வைக்கவும் மீன் உலர்த்தவும் இடம் கிடையாது. தொழில் செய்யும் மணல்வெளிக்குப் பட்டா இல்லை. அதனால் அது அழிந்தபோது இழப்பீட்டுக் கணக்கிலும் வரவில்லை. பின்னர் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டை இறக்கினார்கள். அங்கே மணல் திரும்பவும் சேர்ந்தது. நல்லதுதான். ஆனால் முதலில் மணல் திரும்பியது சுற்றுலாப் பயணி உலாவும் இடத்தில் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு தலித் இலக்கிய மேடை மீனவக் குப்பத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. மீனவர் பட்டியலினத்தார் அல்லர். குப்பத்துக்கும் சேரிக்கும் இடையே எப்போதும் நேசம் மட்டுமே இருந்தது என்று சொன்னால் அது பொய். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினக் கரையில் படகையும் வலையையும் எண்ணி நிவாரணம் கொடுத்தபோது, மீன் சுமந்தும் உப்பளத்திலும் வயலிலும் கூலிக்குப் போயும் பிழைத்த தலித் குடும்பங்கள் கணக்குக்கு வெளியே நின்றன. முகாமில் தண்ணீர்க் குடம் தனியாக வைக்கப்பட்ட செய்திகளும் அப்போதே பதிவாகின. இதை மறக்கவும் கூடாது, மறைக்கவும் கூடாது. ஆயினும் வருவாய்த்துறைப் பதிவேட்டில் குப்பமும் சேரியும் பெரும்பாலும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன: புறம்போக்கு. அந்தச் சொல்தான் நம்மை ஒரே பந்தலின் கீழ் உட்கார வைக்கிறது.

நிலத்தின் கதை புதுச்சேரியில் சற்று வேறானது. செங்கற்பட்டுப் பறையர்களின் நிலையைப் பற்றி ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்தது. பஞ்சமி நிலம் அதில் பிறந்தது. அந்த ஆணை பிரெஞ்சு எல்லைக்குள் செல்லவில்லை. இங்கே 1881இல் வேறொரு கதவு திறந்தது. சாதிவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கலாம் என்றது அந்த ஆணை. ஒடுக்கப்பட்டவர்களில் பலர் ஏற்றார்கள். குடும்பப் பெயர் கிடைத்தது, சிலருக்குப் பட்டாளத்து ஓய்வூதியமும் கிடைத்தது. நிலம் கிடைக்கவில்லை. ஆகவே தமிழ்நாட்டுத் தோழர்கள் 'பஞ்சமி நிலத்தை மீட்போம்' என்று முழங்கும்போது, புதுச்சேரித் தலித்துகளிடம் மீட்பதற்கென்று ஒரு பழைய ஆவணம்கூட இல்லை. இருப்பது 1975ஆம் ஆண்டின் நில வழங்கல் விதிகளின்கீழ் தரப்படும் மனைப்பட்டா. மக்கள் வாயில் அது 'எல்.ஜி.ஆர். பட்டா'. அது அரசு மனம் வைத்துக் கொடுப்பது. எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எத்தனை மனைகள் இன்னும் அளந்து காட்டப்படவில்லை என்ற பட்டியலை வெளியிடும்படி கேட்பது நம் வேலை.

இன்னொரு பக்கமும் உண்டு. ரெயின்போ நகரில் காமாட்சியம்மன் கோவிலுக்குச் சொந்தமான நிலம் போலி ஆவணங்களால் கைமாறிய வழக்கில் அரசு அதிகாரிகளும் கைதானார்கள். கோவில் நிலத்துக்குப் பக்தர் கூட்டம் உண்டு, வழக்கு நடந்தது. குப்பத்துப் பொதுமணலும் சேரியின் சுடுகாட்டுப் பாதையும் அளவைப் பதிவில் ஒரு கோடு மாறினால் போய்விடும். யாருக்குத் தெரியும்?

இதையெல்லாம் வார்டு உறுப்பினரிடம் போய்ச் சொல்லலாமே என்பீர்கள். புதுச்சேரியில் வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லை. 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 38 ஆண்டுகள் கழித்து, 2006இல். அவர்களின் காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பிறகு இல்லை. 5 நகராட்சிகளையும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளையும் அதிகாரிகள் நடத்துகிறார்கள். பிரெஞ்சுக்காரன் 1880இலேயே நகராட்சி கொடுத்தான் என்று பெருமை பேசும் ஊர் இது! உள்ளாட்சித் தேர்தல் நடந்தால் பட்டியலினத்தாருக்கும் பெண்களுக்கும் தனி இடங்கள் இருக்கும். இப்போது சட்டமன்றத்தில் 30 தொகுதிகளில் 5 தனித்தொகுதிகள். அவற்றில் ஒன்றுகூட புதுச்சேரி நகரத்துக்குள் இல்லை. நகரத்துச் சேரிக்காரருக்குத் தன் தெருவின் சாக்கடையைப் பற்றிப் பேச எந்த மன்றமும் இல்லை என்பது இதன் பொருள். மேலே போனால் அமைச்சரவை, அதற்கும் மேலே துணைநிலை ஆளுநர். கோப்பு ராஜ்நிவாசில் இருக்கிறது என்று ஒருவர் சொல்வார், அங்கிருந்து அனுப்பிவிட்டோம் என்று மற்றவர் சொல்வார்.

சாக்கடை என்றவுடன் 2024 ஜூன் 11 நினைவுக்கு வர வேண்டும். அன்று காலை ரெட்டியார்பாளையம் புதுநகரில் தங்கள் வீட்டுக் கழிப்பறை வழியே வந்த விஷவாயுவால் மூன்று பேர் இறந்தார்கள். மூவரும் பெண்கள். ஒருத்தி பள்ளி மாணவி. குழிக்குள் இறங்கியவர் சாவதை நாம் அறிவோம். இங்கே குழியே வீட்டுக்குள் வந்தது. காற்றில்லாத குழாயில் கழிவு தேங்கி அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. அது காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வீட்டுக் கழிப்பறைக்கும் தெருக் குழாய்க்கும் நடுவில் தண்ணீர் நிற்கும் ஒரு வளைவு இருந்தால் வாயு மேலே வராது. வாயு போக்கும் குழாய் உயர்த்தி வைத்திருந்தால் வெளியே போய்விடும். இரண்டும் சிறிய செலவுதான். பாதாளச் சாக்கடையில் வீடுகளை இணைத்த அரசு, ஒவ்வொரு இணைப்பிலும் அந்த வளைவு இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

யார் அந்த அரசு? தமிழ்நாட்டின் பல நகரங்களில் பாதாளச் சாக்கடைக்கு மாநகராட்சியைக் கேட்கலாம். புதுச்சேரியில் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் பொதுப்பணித்துறையின் பொதுச் சுகாதாரக் கோட்டத்தில். குப்பையும் தெரு வாய்க்காலும் நகராட்சியில். நோய் வந்தால் சுகாதாரத்துறை. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவிப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்துப் பள்ளிகளை மூடினார்கள். காலரா என்பது குடிநீர்க் குழாயும் மலமும் சந்தித்துவிட்டன என்ற செய்தி. எந்த மருத்துவராலும் குழாயை மாற்ற முடியாது.

அந்தக் குழாயை அடைத்துக்கொண்டால் இறக்கப்படுகிறவர் யார் என்று இந்த அவையில் சொல்ல வேண்டியதில்லை. 2013 சட்டம் அதைத் தடை செய்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. தொகை உயர்ந்ததை வெற்றி என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். இறக்கியவருக்கு என்ன தண்டனை என்பதை அவ்வளவு தேடுவதில்லை.

இனி வீடு. கடலோரத்தில் வீடு கட்டவிடாமல் தடுக்கிறது என்று மக்கள் அஞ்சும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை உண்மையில் நமக்கு ஒரு ஆயுதமும் தருகிறது. 2011 அறிவிக்கையும் 2019 அறிவிக்கையும் மீனவக் கிராமங்களின் எல்லை, பொதுவிடங்கள், நீண்டகால வீட்டுத் தேவை ஆகியவற்றைக் கடலோர மேலாண்மைத் திட்டத்தில் காட்டச் சொல்கின்றன. வரைவு வரைபடத்தை மக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். அதில் வைத்திக்குப்பத்தின் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எதிர்கால வீடுகளுக்கு எந்த இடம் ஒதுக்கியிருக்கிறது என்று பாருங்கள். வரைபடத்தில் இல்லாத குப்பத்தை நாளை ஒரு விடுதிக்காரர் எளிதாகத் தாண்டிப் போவார்.

குடிசை மாற்று வாரியத்தின் அடுக்குமாடியை நாம் எதிர்க்கவில்லை. மழையில் ஒழுகாத கூரை சிறிய விஷயம் அல்ல. ஆனால் வலையும் இயந்திரமும் வைத்திருப்பவரை மாடியில் ஏற்றினால் தொழில் கீழேயே நின்றுவிடும். துப்புரவு வேலைக்கு விடியற்காலையில் நகரத்துக்கு வர வேண்டியவரை ஊருக்கு வெளியே அனுப்பினால் கூலியில் பாதி பேருந்துக்குப் போகும். பட்டியலினத்தாருக்குள் இன்னொரு கோடும் உண்டு. 1964ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையில் உள்ள 'வசிப்போர்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, பூர்வீகத்தார் யார், குடியேறியவர் யார் என்று பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்து இந்த நகரத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர் சான்றிதழுக்கு அலைந்ததன் வேர் அங்கே இருக்கிறது. இதில் நம் அமைப்புகளே இரண்டாகப் பிரிந்து நின்றன. அந்தப் பிளவால் இலாபம் அடைந்தவர் நம்மில் யாரும் இல்லை.

பணம் இல்லை என்பார்கள். 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி மக்கள்தொகை 12,47,953, பட்டியலினத்தார் 15.7 விழுக்காடு. சிறப்புக் கூறு நிதி அந்த விகிதத்தில் ஒதுக்கப்பட வேண்டும். ஒதுக்கியது எவ்வளவு, மார்ச் 31க்குள் செலவானது எவ்வளவு, பொதுவான சாலைக்கும் கட்டடத்துக்கும் திருப்பியது எவ்வளவு என்பது வரவுசெலவு ஆவணத்திலும் தணிக்கை அறிக்கையிலும் தேடிப் பார்க்க வேண்டியது. அரிப்பால் இடம்பெயர்வோரை மீள்குடியமர்த்த 15ஆவது நிதிக்குழு 1,000 கோடி பரிந்துரைத்தது. நிதிக்குழுவின் பங்கீட்டுக்குள் யூனியன் பிரதேசமான புதுச்சேரி வராது. ஆகவே நம் குப்பங்களின் பங்கு என்ன என்று ஒன்றிய உள்துறையிடம் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு எழுதுங்கள். மூன்று துறைக்கும் ஒரே மனுவாக எழுதாதீர்கள். ஒவ்வொன்றும் மற்றொன்றுக்கு அனுப்பிவிட்டோம் என்று நாளைக் கடத்தும். பொதுப்பணித்துறைக்கு ஒன்று: இந்தத் தெருவின் பாதாளச் சாக்கடையைக் கடைசியாகச் சோதித்த தேதி, சோதித்தவரின் பதவி, எத்தனை வீட்டு இணைப்புகளில் தண்ணீர் வளைவு இருக்கிறது. நில அளவைத் துறைக்கு ஒன்று: கடற்கரைப் புறம்போக்கின் பரப்பு 1980களில் எவ்வளவு, இப்போது எவ்வளவு. வாரியத்துக்கு ஒன்று: பயனாளிகள் பட்டியலும் காத்திருப்போர் பட்டியலும். பதிலுக்கு 30 நாட்கள். வராவிட்டால் துறைக்குள்ளேயே முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால் இரண்டாம் மேல்முறையீடு தில்லிக்குப் போகும். யூனியன் பிரதேசம் என்பதால் நமக்கு மத்தியத் தகவல் ஆணையம்தான். தமிழில் எழுதிய மனுவோடு ஆங்கிலப் படி ஒன்றையும் இணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அங்கே அது வெகுநாள் தூங்கும்.