ஐப்பசியில் கடலோரமாக ஊருக்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் ஊர்ப் பேச்சு தொடங்கிவிடும். நாங்கள் கழக்கூட்டத்தில் குடியேறி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தீபாவளிக்கு முதல் நாள் அலுவலகம் விட்டதும் காரில் புறப்பட்டு, நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம் என்று நெடுஞ்சாலையிலேயே விரைந்து, இரவில் நாகர்கோவில் போய்ச் சேருவதுதான் எங்கள் வழக்கம். என் மகள் வழியெல்லாம் தூங்கிவிடுவாள்.

ஒரு நாள் அவள், "அப்பா, உங்க ஊருக்கு எப்பப் போறோம்?" என்று கேட்டாள். "உங்க ஊர்" என்றது எனக்கு உறுத்தியது. எங்களுடன் இருக்கும் என் தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. அவர் சொன்னார்: "ராத்திரியில கொண்டுபோனா பிள்ளைக்கு என்ன தெரியும்? ஒருக்கா பகல்ல கடக்கர வழியா கூட்டிட்டுப் போ, மக்களே."

அப்படித்தான் சென்ற ஐப்பசியில் மூன்று மணி நேரப் பயணத்தை இரண்டு நாட்களாக்கினோம். இதை எழுதுவது மற்ற குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்றுதான்.

முதலில், ஏன் ஐப்பசி? மேல்நாடுகளில் இந்தப் பருவத்தில் இலைகள் நிறம் மாறுவதைக் காண மக்கள் கார் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். நம் கரையில் மாறுவது கடல். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவத்தின் பேரலைகள் கரை மணலை அரித்துக் கடலுக்குள் சேர்த்துவிடும். பருவம் ஓய்ந்தபின் வரும் தாழ்ந்த அலைகள் அதே மணலை மெல்ல மெல்லக் கரைக்குத் திருப்பும். சங்குமுகத்தில் இதை நேரில் பார்க்கலாம். ஆனால் சமீப ஆண்டுகளில் போன மணல் முழுவதும் அங்கே திரும்புவதில்லை என்பது வருத்தமான உண்மை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மலையாளத்தில் இதைத் துலாவர்ஷம் என்பார்கள். பெரும்பாலும் பிற்பகலில்தான் இடி மின்னலுடன் கொட்டும்; காலைப் பொழுது கழுவிவிட்டதுபோல் தெளிந்திருக்கும். ஆகவே காலையில் ஓட்டுவது, பிற்பகலில் தங்குவது என்று வைத்துக்கொண்டோம்.

முதல் நிறுத்தம் வீட்டுக்குப் பக்கத்திலேயே உள்ள தும்பா. நம் தும்பைச் செடியின் பெயர்தான் ஊருக்கும். 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் இங்கிருந்துதான் பறந்தது. பூமியின் காந்த நடுக்கோடு அருகே செல்வதால் இந்த மீனவக் கிராமத்தைத் தேர்ந்தார்கள். ஊரார் தங்கள் மாதா கோயிலை விட்டுக்கொடுத்தார்கள். அதுவே முதல் அலுவலகம் ஆயிற்று. இராமேசுவரத்துக்காரரான அப்துல் கலாம் அங்கே பணிபுரிந்தார். இப்போது அக்கட்டடம் விண்வெளி அருங்காட்சியகம். பார்வை நேரத்தை முன்கூட்டி விசாரித்து, அடையாள அட்டையுடன் செல்லுங்கள்.

சங்குமுகம், கோவளம் கடந்தால் விழிஞம். ஆய் மன்னர்களின் பழந்துறை. அருகிலேயே 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட புதிய துறைமுகம். அடுத்து பூவாறு. நெய்யாறு கடலில் சேரும் இடம். படகுக்காரர் மணல்திட்டைக் காட்டி மலையாளத்தில் பேச, அம்மா தமிழில் பதில் சொல்ல, இருவருக்கும் இடையில் என்னுடைய மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கரையில் வேகவைத்த கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டோம். அந்தக் கிழங்குக்கு அங்கும் மரச்சீனி என்றே பெயர், நாகர்கோவிலிலும் மரச்சீனிதான். திருவிதாங்கூரில் இதைப் பரவலாகப் பயிரிடச் செய்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா.

பொழியூரைத் தாண்டினால் நீரோடி. தமிழ்நாட்டின் கடற்கரை அங்கே தொடங்குகிறது. பெயர்ப்பலகையின் எழுத்து மாறியதைத் தவிர மகளுக்கு வேறு மாற்றம் தெரியவில்லை. அதே வள்ளம், அதே வலை, அதே மாதா கோயில். தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக்குத் தெற்கே கடந்தபோது, கடலுக்குப் போயிருந்த இப்பகுதியினர் பலர் திரும்பவில்லை. பூந்துறையிலும் விழிஞத்திலும் அதே துயரம்தான்.

அன்றிரவு மார்த்தாண்டத்தில் உறவினர் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை குளச்சல். 1741-இல் மார்த்தாண்டவர்மரின் படை டச்சுக்காரர்களை முறியடித்த கரை இது. வெற்றித்தூண் இன்றும் நிற்கிறது.

அங்கிருந்து சிறிது தூரத்தில் மணவாளக்குறிச்சி. அம்மா பிறந்த ஊர். அவர் காரிலிருந்து இறங்கி, ஒரு பிடி கறுப்பு மணலை எடுத்துப் பேத்தியின் உள்ளங்கையில் வைத்து, "கனம் பாத்தியா, மக்களே?" என்றார். இல்மனைட், மோனசைட் போன்ற கனிமங்கள் கலந்த மணல் இது; அதனால்தான் இந்தக் கனம். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். அதில் தோரியம் உண்டு. பார்த்துவிட்டு மணலை அங்கேயே விட்டுவிட வேண்டும்; வீட்டுக்கு அள்ளிவரக் கூடாது.

அம்மா பிறந்தபோது மணவாளக்குறிச்சியும் கழக்கூட்டமும் ஒரே திருவிதாங்கூர் அரசில் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்றுதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் குமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நான் வேற்றூருக்கு வந்து குடியேறியதாகவே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அம்மாவைப் பொறுத்தவரை ஒரே கரையில் கொஞ்சம் வடக்கே தள்ளி வந்திருக்கிறார், அவ்வளவுதான். நெடுஞ்சாலையில் விரைந்த ஆண்டுகளில் இது எனக்குப் புரியவே இல்லை.

முட்டம் கலங்கரை விளக்கத்தருகே மட்டிப்பழம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மழைக்கு முன் நாகர்கோவில் சேர்ந்தோம்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள்:

1. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, பகல் இரண்டு மணிக்குள் தங்குமிடம் சேருங்கள். இடி முழங்கும்போது கடற்கரையில் நிற்க வேண்டாம்.

2. கடலோரச் சாலை குறுகலானது. வலையும் மீனும் உலரும். அது அவர்கள் பிழைக்கும் இடம். மெதுவாகச் செல்லுங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

3. ஆறு குறுக்கிடும் இடங்களில் உள்ளே சென்று பாலம் கடந்து திரும்ப வேண்டும். வழியை ஊராரிடம் கேளுங்கள்.

4. பொழிமுகங்களில் குளிக்க வேண்டாம். இழுப்பு அதிகம்.

5. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவசியம் உடன் அழைத்துச் செல்லுங்கள். வழி சொல்ல அவர்களைவிடச் சிறந்தவர் இல்லை.

இந்த ஆண்டு ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் மகள் கேட்டுவிட்டாள்: "அப்பா, நம்ம ஊருக்கு இந்தத் தடவையும் கடக்கர வழியாத்தானே?"