படகில் ஏறியவருக்குக் கதை எதற்கு?

கேளிக்கையின் கட்டுமானம் – 9

கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டு 1955 ஜூலையில் திறந்தபோது, முதல் நாளே ஓடத் தொடங்கிய சவாரிகளில் ஸ்னோ ஒயிட் சவாரியும் ஒன்று. அதில் ஏழு குள்ளர்கள் இருந்தார்கள், சூனியக்காரி இருந்தாள். ஸ்னோ ஒயிட் மட்டும் இல்லை. வண்டியில் உட்கார்ந்திருப்பவரே ஸ்னோ ஒயிட், அவரிடம்தான் சூனியக்காரி விஷ ஆப்பிளை நீட்டுகிறாள் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். வந்தவர்களுக்கு இது பிடிபடவே இல்லை. ‘ஸ்னோ ஒயிட் எங்கே?’ என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்கள். கடைசியில் 1983இல் சவாரியைப் புதுப்பித்தபோது அவளுக்கும் ஒரு பொம்மை வைத்தார்கள். பீட்டர் பான் சவாரியிலும் இதே கதைதான். அதே ஆண்டில்தான் பீட்டர் பானுக்கும் உள்ளே இடம் கிடைத்தது.

தீம் பார்க் சவாரிக்குத் தெளிவான கதை வேண்டும் என்று வாதிடுபவர்கள் இந்த உதாரணத்தைத்தான் முதலில் எடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லோருக்கும் தெரிந்த கதையின் பெயரை வாசலில் எழுதிவைத்தால், உள்ளே போகிறவர் அந்தக் கதையைத் தேடத்தான் செய்வார். தேட எந்தக் கதையுமே இல்லாத ஒரு சவாரியைக் கட்டினால் என்ன ஆகும்? அதே பூங்கா 12 ஆண்டுகள் கழித்து இதற்கு விடை சொன்னது.

1967 மார்ச் 18 அன்று திறந்த ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’தான் அந்த விடை. வால்ட் டிஸ்னி இறந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. முதலில் இதை, மக்கள் நடந்து பார்க்கும் மெழுகுப் பொம்மைக் காட்சியகமாகத்தான் திட்டமிட்டார்கள். 1964–65 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு’ படகுகள் பெருங்கூட்டத்தைத் தடங்கலின்றி உள்ளே கொண்டுபோய் வெளியே விட்டதைப் பார்த்தபின், இதையும் படகுச் சவாரியாக மாற்றினார்கள்.

காட்சிகளை வரைந்தவர் மார்க் டேவிஸ். மேலிஃபிசன்ட், க்ருயெல்லா டி வில் போன்ற பாத்திரங்களைத் திரையில் நடமாட வைத்த அனிமேஷன் கலைஞர். கதை சொல்வதில் கைதேர்ந்த இந்த மனிதர்தான், சவாரி கதை சொல்வதற்கான ஊடகம் அல்ல என்பதில் உறுதியாக இருந்தார்.

படகில் ஏறிப் பார்ப்போம். முதலில் இருட்டிய சதுப்பு நிலம். மின்மினிகள், தவளைச் சத்தம், எங்கிருந்தோ பான்ஜோ இசை, குடிசைத் திண்ணையில் நாற்காலியில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு கிழவர். வளைவில் ஒரு மண்டையோடு எச்சரிக்கிறது. படகு சட்டென்று கீழே சரிகிறது. அடுத்து குகைகள், எலும்புக்கூடுகள். ஒன்று புயலில் கப்பலின் சுக்கானைப் பிடித்து நிற்கிறது, இன்னொன்று புதையல் குவியலின் மேல் கிடக்கிறது. அந்தக் குகைகளைத் தாண்டியதும் பீரங்கி முழங்க, உயிருள்ள கொள்ளையர்கள் ஒரு துறைமுக நகரத்தைச் சூறையாடுகிறார்கள். ஊர்த் தலைவரைக் கிணற்றில் முக்கி எடுக்கிறார்கள். நகரம் பற்றி எரிகிறது. சிறைக்கம்பிகளுக்குப் பின்னால் இருக்கும் கைதிகள், எலும்புத் துண்டைக் காட்டி ஒரு நாயைக் கூப்பிடுகிறார்கள். சாவிக்கொத்து நாயின் வாயில். அது அசைய மறுக்கிறது.

இந்த வரிசையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். செத்தவர்கள் முதலில், வாழ்ந்தவர்கள் பிறகு. நாயகன் இல்லை, வில்லன் இல்லை, முடிவும் இல்லை. 1992இல் பாரிஸ் பூங்காவில் இந்தச் சவாரியைக் கட்டியபோது வரிசையைத் திருப்பி, கொள்ளையை முன்னாலும் எலும்புக்கூடுகளைப் பின்னாலும் வைத்தார்கள். அங்கும் அது பூங்காவின் பெருமைக்குரிய சவாரியானது. ஒரு நாவலின் அத்தியாயங்களை இப்படி இடம்மாற்றினால் நாவல் நிற்குமா?

வசனம் எழுதிய எக்ஸ் அடென்சியோவுக்கு ஒரு கவலை இருந்தது. ஒரே நேரத்தில் பல பொம்மைகள் பேசுகின்றன, பேச்சு எதுவும் முழுதாகக் காதில் விழவில்லை. விருந்துக்குப் போனால் அங்கங்கே பேச்சு அரைகுறையாகக் காதில் விழுவதில்லையா, இதுவும் அப்படித்தான், மறுபடி வந்தால் இன்னொன்றைக் கேட்பார்கள் என்று டிஸ்னி சமாதானம் சொன்னதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். நம் ஊரில் திருவிழாக் கடைத்தெருவில் நடப்பதும் இதுதான். வளையல்காரரின் பேரத்தில் பாதி, ராட்டினத்துப் பிள்ளைகளின் கூச்சலில் கொஞ்சம். எதையும் முழுதாகக் கேட்கவில்லை என்று யாரும் வருந்துவதில்லை.

சவாரியின் இயல்பே இதற்குக் காரணம். சினிமாவில் எதை, எப்போது, எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பதை இயக்குநர் தீர்மானிக்கிறார். படகில் இடப்பக்கம் இருப்பவர் ஒன்றைப் பார்க்கிறார், வலப்பக்கம் இருப்பவர் வேறொன்றை. தண்ணீர் இரைகிறது, முன்வரிசையில் யாரோ அலறுகிறார்கள், மடியிலிருக்கும் குழந்தை ஏதோ கேட்கிறது. அதற்குள் இரண்டு காட்சிகள் கடந்துவிடும். கோவையான கதையில் ஒரு கண்ணி நழுவினால் மீதியெல்லாம் குழப்பம். இங்கே எது நழுவினாலும் நஷ்டமில்லை. அந்த நாயும் சாவியும் எந்த மொழிக்காரருக்கும் புரியும். அதற்கு முன்னால் நடந்தது தெரிய வேண்டியதில்லை, பின்னால் நடக்கப்போவதும் தெரிய வேண்டியதில்லை. கதையின் முடிவு ஒருமுறை தெரிந்துவிட்டால் பாதி ஈர்ப்பு போய்விடும். சூழலுக்கு முடிவு கிடையாது. அதனால்தான் பத்தாவது முறை ஏறுபவரும் புதிதாக ஒன்றைக் காண்கிறார்.

1969 ஆகஸ்ட் 9இல் திறந்த ‘ஹான்டட் மேன்ஷன்’ பேய் மாளிகையும் இந்த வழியில்தான் வந்தது. வெளிக்கட்டடம் 1963இலேயே தயார். உள்ளே என்ன வைப்பது என்பதில்தான் ஆண்டுகள் ஓடின. கப்பல் தலைவன் ஒருவனின் கொலைக்கதை உட்படப் பல கதைகளை எழுதிப் பார்த்துக் கைவிட்டார்கள். கடைசியில் மிஞ்சியது எளிய ஒரு நிலைமை: இங்கே 999 ஆவிகள் குடியிருக்கின்றன, இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது. அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம்.

அந்த மாளிகையின் பரணில் ஒரு மணப்பெண் நின்றாள். இருட்டில் அவள் இதயம் மட்டும் சிவப்பாகத் துடித்தது. அவள் யார், எப்படிச் செத்தாள் என்று சவாரி சொல்லவில்லை. ரசிகர்கள் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். 2006இல் அந்த இடத்துக்கு கான்ஸ்டன்ஸ் என்ற பெயருடைய மணப்பெண் வந்தாள். வரிசையாகக் கல்யாணப் படங்கள். ஒவ்வொன்றிலும் கணவனின் தலை மறைந்தது, அவள் கையில் கோடரி இருந்தது. தொழில்நுட்பம் அருமை. ஆனால் பல தலைமுறைகள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு ஒரே பதில் எழுதி மூடிவிட்டார்கள். அது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

பைரேட்ஸுக்கும் இதுவே நடந்தது. சவாரியிலிருந்து 2003இல் திரைப்படம் பிறந்தது, சாவியைக் கவ்விய நாய் உட்பட. படம் ஓடியதும் 2006இல் அதன் நாயகன் ஜாக் ஸ்பாரோவின் பொம்மைகளைச் சவாரிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். அதுவரை நகரம் முழுவதையும் மேய்ந்த கண்கள் இப்போது ஒரு மனிதனைத் தேடுகின்றன.

கதையோடு வென்ற சவாரிகளே இல்லையா? இருக்கின்றன. 1994இல் ஃபுளோரிடாவில் திறந்த ‘டவர் ஆஃப் டெரர்’ நல்ல உதாரணம். 1939இல் ஒரு ஹோட்டலில் மின்னல் தாக்கி, லிஃப்டில் இருந்த ஐந்து பேர் மறைந்துபோன கதை அது. அதை எங்கே சொல்கிறார்கள் என்பதுதான் முக்கியம். ஏறுவதற்கு முன், ஹோட்டல் நூலகத்தில் நிற்க வைத்து, சில நிமிடங்களில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். லிஃப்ட் விழும்போது விளக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை. விழுகிறவர் நீங்கள்.

எனவே என் தீர்ப்பு இது. கதை வேண்டுமானால் வாசலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். உள்ளே தேவை ஓர் இடம், அதில் பார்த்ததும் புரியும் நிகழ்ச்சிகள், மீதியை நாமே நிரப்பிக்கொள்ள இடைவெளி. புதிய சவாரி கட்டுபவர்கள் திரைக்கதை ஆசிரியரைத் தேடுமுன், கேட்டதற்கெல்லாம் விளக்கம் சொல்லாத துணிச்சல் தங்களுக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் அடுத்த முறை ஏறும்போது, கதை புரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். சுற்றிலும் பாருங்கள். இறங்கியதும் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். இருவரும் வேறு வேறு காட்சிகளைச் சொன்னால், அது நல்ல சவாரி.

(தொடரும்)