தாய்ப்பாலும் புட்டிப்பாலும்: பீன்யாத் தந்தையின் கணக்கு

பெங்களூரு நகரின் வடமேற்கே, துமகூரு செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள பீன்யா, 1970களில் உருப்பெற்று, நாட்டின் மிகப் பெரிய சிறுதொழிற் பேட்டைகளுள் ஒன்றாக வளர்ந்த பகுதியாகும். கடைசல் பட்டறைகள், வார்ப்பாலைகள், மின்முலாம் பூசும் கூடங்கள், இயந்திர உதிரி பாகங்கள் தயாரிக்கும் சிறு நிறுவனங்கள் ஆகியவற்றுடன் ஆயத்த ஆடை ஆலைகளும் இங்கு நெருக்கமாக அமைந்துள்ளன. கணவன் கடைசல் பட்டறையிலும் மனைவி ஆடை ஆலையிலுமாகப் பணிபுரியும் இளங் குடும்பங்களை இப்பகுதியின் ஓரறை, ஈரறை வாடகை வீடுகளில் காணலாம். வட கர்நாடகத்திலிருந்து வந்தோரும், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த தமிழரும் இவர்களுள் அடங்குவர்.

இத்தகைய வீட்டில் குழந்தை பிறக்கும்போது, அதற்குத் தாய்ப்பால் மட்டும் போதுமா, பால் மாவு வாங்க வேண்டுமா என்ற வினா எழுகிறது. இதனைத் தாயின் பிரச்சினையாகவே மருத்துவ நூல்களும் அரசின் துண்டு வெளியீடுகளும் நெடுங்காலம் கருதி வந்தன. ஆனால் கடைக்குச் சென்று பால் மாவு டின்னை வாங்கி வருபவர் பெரும்பாலும் தந்தையே. ஆகவே, அவர் என்ன எண்ணி அதனை வாங்குகிறார் என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

முதற் பிரசவம் தாய்வீட்டில் நடைபெறுவது நம் வழக்கம். பிரசவத்திற்கு முன்பே ஊருக்குச் செல்லும் பெண், குழந்தைக்கு மூன்று, நான்கு மாதம் ஆன பின்னரே கணவனிடம் திரும்புகிறாள். அந்த மாதங்களில் பாலூட்டலை மேற்பார்வையிடுபவள் பாட்டி. தந்தையோ விடுமுறை நாளில் பேருந்தேறிச் சென்று குழந்தையைப் பார்த்து வரும் விருந்தாளி. குழந்தை ஏன் அழுகிறது, எப்போது பசிக்கிறது என்பவற்றை அறியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டுவதில்லை. பின்னர் தாயும் சேயும் பீன்யாவிற்கு வந்து சேர்கையில் பாட்டி உடன் இல்லை. தாய் ஆலைக்குத் திரும்ப வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருக்கிறது. பாலூட்டல் பற்றி ஏதுமறியாத ஒருவர், அது மிகவும் சிக்கலாகும் வேளையில் பொறுப்பேற்க நேரிடுகிறது.

இரவில் குழந்தை விடாமல் அழுகிறது. "உனக்குப் பால் போதவில்லை போலும்" என்று கணவன் சொல்கிறான். அவன் கடுமையாகச் சொல்வதில்லை, கவலையால் சொல்கிறான். மறுநாள் மாலை கடையிலிருந்து டின் வந்துவிடுகிறது. பன்னிரண்டு மணி நேரம் வெளியே இருக்கும் ஒரு தந்தைக்குக் குழந்தையின்பால் தன் அன்பைக் காட்டக் கிடைக்கும் எளிய வழிகளுள் அது ஒன்று. அவர் குழந்தையை மடியில் ஏந்திப் புட்டியைப் பிடிக்கலாம்; மனைவியும் சற்றுக் கண்ணயரலாம். புட்டிப்பாலின் கவர்ச்சி விளம்பரத்தால் மட்டும் வருவதன்று; தந்தைக்கு அது ஒரு பங்கு அளிக்கிறது. இதனை உணராமல் தந்தையரைக் குறை கூறுவதில் பொருளில்லை.

அழுகையைப் பால் பற்றாக்குறையின் அடையாளமாகக் கொள்வது பெரும்பாலும் தவறு. குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ சிறுநீர் கழிக்கிறதா, அதன் எடை மாதந்தோறும் கூடி வருகிறதா என்பவையே நம்பத்தக்க சான்றுகள். பிறந்த முதல் சில நாள்களில் எடை சற்றுக் குறைவதும், இரண்டு வாரத்திற்குள் அது ஈடு செய்யப்படுவதும் இயல்பே. எடையை அங்கன்வாடியில் பார்த்துக்கொள்ளலாம்.

தாய்ப்பால் சுரப்பதில் தேவையே அளிப்பைத் தீர்மானிக்கிறது. குழந்தை சப்பும்போது தாயின் மூளையடிச் சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்ற இயக்குநீர் வெளிப்பட்டுப் பால் உற்பத்தியைத் தூண்டுகிறது. ஆக்ஸிடோசின் என்னும் மற்றொன்று சுரந்த பாலை வெளியே செலுத்துகிறது. மார்பு காலியாகும் அளவிற்கேற்ப அடுத்த சுரப்பு அமைகிறது. எனவே ஒரு வேளை புட்டிப்பால் கொடுத்தால் அவ்வேளைக்கான தூண்டுதல் இல்லாது போகிறது, சுரப்பு குறைகிறது, குழந்தைக்குப் பசி மிகுந்து இரண்டாவது புட்டி தேவைப்படுகிறது. 'பால் போதவில்லை' என்ற ஐயம் இவ்வாறு சில வாரங்களில் தன்னைத் தானே உண்மையாக்கிக்கொள்கிறது. மேலும், ஆக்ஸிடோசின் வெளிப்பாட்டைக் கவலையும் வலியும் தடுக்கும். உன்னால் முடியவில்லை என்று கணவன் சொல்லும் ஒரு சொல், உடலியல் அளவிலும் விளைவுடையது.

இனி, வரவு செலவுக் கணக்கைப் பார்ப்போம். நான்கு மாதக் குழந்தை பால் மாவை மட்டுமே உண்பதாகக் கொண்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 மில்லி லிட்டர் பால் தேவை. 30 மில்லி லிட்டருக்கு ஒரு கரண்டி, அதாவது சுமார் 4.5 கிராம் என்ற அளவில் 25 கரண்டி மாவு, அஃதாவது 112 கிராம் செலவாகும். 400 கிராம் டின் நான்கு நாளுக்குக்கூட வாராது. மாதத்திற்கு எட்டு டின்களுக்குக் குறையாது. டின் ஒன்றின் விலையை 400 ரூபாய் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் மாதச் செலவு 3,200 ரூபாய். மனைவி ஆலையில் ஈட்டுவது 12,000 ரூபாய் எனில், அதில் கால் பங்கிற்கு மேல் இதற்கே சென்றுவிடும். பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் நாள்தோறும் கூடுதலாகத் தேவைப்படுவது சுமார் 600 கலோரி. அரிசி, பருப்பு, நிலக்கடலை, முட்டை ஆகியவற்றைக் கொண்டு இதனை ஈடு செய்ய ஆகும் செலவு மேற்கண்ட தொகையில் ஒரு சிறு பகுதியே.

இச்செலவைத் தாங்கவியலாத குடும்பம் என்ன செய்கிறது? டின்னைக் கடைக்குத் திருப்பித் தர இயலாது; தாய்ப்பாலோ அதற்குள் வற்றியிருக்கும். ஆகவே நான்கு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு போடப்படுகிறது. நான்கு நாள் டின் எட்டு நாள் வருகிறது. பால் வெண்மையாகவே தோன்றுவதால் தந்தைக்கு ஐயம் எழுவதில்லை. குழந்தைக்குக் கிடைப்பதோ பாதி உணவு. வளரும் நாடுகளில் புட்டிப்பால் தொடர்பான நலிவு நோய்க்கு இவ்வாறு நீர்த்த பால் ஒரு முக்கியக் காரணம் என்பது 1970களிலேயே தெளிவாயிற்று.

நீரின் தன்மை மற்றொன்று. மின்முலாம் பூசும் கூடங்கள் மிகுந்த பீன்யாப் பகுதியின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் தூய்மையாகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. கிருமிகளைப் பொறுத்தவரை இது சரியே; உலோகங்களைப் பொறுத்தவரை சரியன்று. கொதிக்கும்போது நீர் ஆவியாகிக் குறைவதால் எஞ்சிய நீரில் உலோகத்தின் செறிவு கூடவே செய்யும். குழாயில் காவிரி நீர் வரும் வீட்டில் இக்கவலை இல்லை. ஆழ்துளைக் கிணற்றையோ, எங்கிருந்து எடுத்தது எனத் தெரியாத லாரித் தண்ணீரையோ நம்பியிருக்கும் வீட்டில் உண்டு. இதுவன்றி, பால் மாவும் கிருமியற்ற பொருளன்று. 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெப்பமுள்ள நீரில் அதனைக் கரைத்துப் பின்னர் ஆற்ற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வகுத்த நெறிமுறை கூறுகிறது.

பால் மாவு நம் நாட்டில் எப்போதும் ஐயத்துடன் நோக்கப்பட்ட பொருளன்று என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். இதே மாநிலத்தில், மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையை 1950களில் கண்டறிந்தது. குஜராத்தின் ஆனந்த் நகரிலுள்ள அமுல் கூட்டுறவு அதனைப் பெருமளவில் உற்பத்தி செய்தது. அந்நியச் செலாவணி அரிதாயிருந்த அந்நாளில், இறக்குமதி டின்களுக்கு மாற்றாக வந்த அது ஒரு சாதனையாகப் போற்றப்பட்டதில் வியப்பில்லை. இருபது ஆண்டுகளில் நிலைமை மாறியது. பால் மாவு விற்பனை முறைகளுக்கு எதிராக உலகெங்கும் எழுந்த கண்டனத்தின் விளைவாக, 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஒரு பன்னாட்டு நெறித்தொகுப்பை ஏற்றது. ஆதரவு 118, எதிர்ப்பு 1. எதிர்த்த நாடு அமெரிக்கா. 1983-இல் இந்தியா தன் தேசிய நெறித்தொகுப்பை வெளியிட்டது. 1992-இல் நாடாளுமன்றம் இயற்றி 1993 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்த சட்டமும், அதன் 2003 திருத்தமும், இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுகளுக்கான விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் தடை செய்தன. டின்னின் மீது குழந்தையின் படம் இருத்தலாகாது. தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகம் இடம்பெற வேண்டும். கடையில் தந்தை கையில் எடுக்கும் டின்னில் சிரிக்கும் குழந்தையைக் காணாததற்குக் காரணம் இச்சட்டமே. உலகின் கடுமையான சட்டங்களுள் ஒன்றாக இது மதிக்கப்படுகிறது.

ஆனால் விளம்பரத்தைத் தடுக்கும் சட்டம், தாய்க்கு நேரத்தை அளிப்பதில்லை. அதற்கான சட்டம் வேறு. 2017 திருத்தத்தின்படி மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டத்தில் இருந்த இவ்வுரிமை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் தொடர்கிறது. இந்த 26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்திற்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அவ்வாறு எடுத்தவருக்குப் பின்னர் எஞ்சுவது 18 வாரம். தாய்ப்பால் மட்டுமே அளிக்க வேண்டிய காலமோ ஆறு மாதம், அதாவது 26 வாரம். இடையில் விழும் இந்த எட்டு வாரப் பள்ளத்திலேயே பீன்யாவின் டின்களில் பெரும் பகுதி விற்பனையாகிறது எனக் கருத இடமுண்டு.

ஐம்பது பேரோ மேலோ பணிபுரியும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி செய்ய வேண்டும்; தாய் நாளில் நான்கு முறை அங்குச் சென்று வரலாம்; குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட இரு இடைவேளைகள் உண்டு. இவை நல்ல ஏற்பாடுகளே. எனினும் கைக்குழந்தையை நெரிசல் மிக்க பேருந்தில் காலை வேளையில் ஆலை வரை கொண்டுசெல்லத் தயங்கும் தாய்க்கு, ஆலைக்குள் இருக்கும் காப்பகம் எட்டாத இடமே. உற்பத்தி இலக்கு மணிக்கணக்கில் நிர்ணயிக்கப்படும் தையல் வரிசையில், ஒருவர் எழுந்து சென்றால் அடுத்தவரின் வேலை தேங்கும் என்பதும் கருதத்தக்கது. தந்தையின் நிலை இன்னும் எளிது: அவருக்குச் சட்டத்தில் ஏதுமில்லை. மத்திய அரசின் ஆண் ஊழியர்களுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு 1990களின் இறுதி முதல் உண்டு. தனியார் பட்டறையில் கடைசல் பிடிப்பவருக்கு அத்தகைய சட்டபூர்வ உரிமை கிடையாது.

தேசியக் குடும்பநல ஆய்வு தரும் விவரங்களும் இங்கு நோக்கத்தக்கவை. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் 2015-16-இல் 54.9 சதவீதம், 2019-21-இல் 63.7 சதவீதம். இது மகிழ்ச்சிக்குரிய உயர்வு. ஆனால் இதே இடைவெளியில் மருத்துவமனைப் பிரசவங்கள் 78.9-இலிருந்து 88.6 சதவீதமாக உயர்ந்தும், பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.6-இலிருந்து 41.8 சதவீதமாகவே நின்றுவிட்டனர். செவிலியரும் மருத்துவரும் அருகிருக்கும் இடத்திலேயே சீம்பால் தவறிப்போகிறது. அறுவைச் சிகிச்சைப் பிரசவங்கள் கூடியிருப்பது ஒரு காரணமாகலாம். அவ்வேளையில் மயக்கம் தெளியாத மனைவிக்குப் பதிலாகப் பேசக்கூடியவர், வாசலில் நிற்கும் கணவரே. குழந்தையைத் தாயிடம் எப்போது கொடுப்பீர்கள் என்று அவர் கேட்பாராயின் நிலைமை மாறக்கூடும்.

தந்தையின் அறிவு விளைவை மாற்றும் என்பதற்குச் சான்று உண்டு. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 280 தம்பதியரைக் கொண்டு நடத்தி 2005-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பாலூட்டலில் எழும் இடர்களைச் சமாளிக்கும் முறை ஒரு பகுதித் தந்தையருக்குக் கற்பிக்கப்பட்டது. அவர்களது குடும்பங்களில் ஆறாம் மாதத்தில் முழுமையாகத் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 25 சதவீதம். கற்பிக்கப்படாத தந்தையரின் குடும்பங்களில் 15 சதவீதம். செலவு, ஒரு தந்தைக்கு ஒரு மணி நேரத்திற்கும் குறைவான உரையாடல்.

பால் மாவு தவிர்க்க முடியாத நிலைகளும் உள. தாய் இறந்த குழந்தை, தாய்ப்பாலுடன் ஒவ்வாத கடும் மருந்துகளை உட்கொள்ள நேர்ந்த தாய், பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க இயலாத பிறவிக் குறையுடைய குழந்தை ஆகியோர் விஷயத்தில் மருத்துவரின் அறிவுரையே வழி. அத்தகைய வீட்டில் தந்தை அறிய வேண்டுவது கரண்டியின் அளவும் நீரின் தூய்மையும்; குற்ற உணர்ச்சி அங்குத் தேவையற்றது.

ஏனைய வீடுகளில், தாய் வேலைக்குச் செல்லுமுன் பாலைக் கையால் பீய்ச்சி, கொதிநீரில் கழுவிய மூடியுள்ள கிண்ணத்தில் வைத்துச் செல்லலாம். அறை வெப்பத்தில் சுமார் நான்கு மணி நேரம் அது கெடாது. அதனைப் புட்டியில் ஊட்டாமல் சங்கிலோ பாலாடையிலோ ஊட்டுவதே நன்று. புட்டியின் காம்பு இடுக்கில் தங்கும் கிருமி இவற்றில் தங்குவதில்லை. இரவுப் பணி முடித்துக் காலையில் வீடு திரும்பும் தந்தை, மனைவி ஆறு மணிக்குப் பீய்ச்சி வைத்த பாலை ஒன்பது மணிக்குத் தம் கையாலேயே ஊட்டலாம். பாலாடை ஒன்றின் விலை, பால் மாவு டின் ஒன்றின் விலையைவிடக் குறைவு.