புற்றுநோய் போன பிறகு இதயத்தை யார் பார்ப்பது?

வளர்ந்த நாடுகளில் புற்றுநோய் வரும் குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இன்று பிழைத்துக்கொள்கிறார்கள். ஈரோடு, திருப்பூர், நீலகிரி என்று கொங்கு வட்டாரம் முழுவதிலிருந்தும் சிகிச்சைக்காகக் கோவைக்கு வரும் குழந்தைகளில் பலர் நலமாகி வீடு திரும்புகிறார்கள். ‘இனி பயமில்லை’ என்று மருத்துவர் சொல்லும் நாளோடு கதை முடிந்ததாகக் குடும்பம் நினைக்கிறது. ஆனால், உயிரைக் காத்த மருந்துக்கு இதயத்தில் ஒரு கணக்கு பாக்கி இருக்கக்கூடும். அந்தக் கணக்கை எழுதிய ஒரு தாளையாவது குடும்பத்தின் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

குழந்தைப் புற்றுநோய் சிகிச்சையில் டாக்சோரூபிசின், டானோரூபிசின் என்ற செந்நிற மருந்துகளின் பங்கு பெரியது. ஆந்த்ராசைக்ளின் வகையைச் சேர்ந்த இவை, புற்றுச் செல்லோடு இதயத் தசைச் செல்லையும் தாக்குகின்றன. அழிந்த தசைச் செல்லுக்குப் பதிலாகப் புதியது அநேகமாக முளைப்பதில்லை. உடல் வளர வளர, மிஞ்சிய செல்களே முழுப் பாரத்தையும் சுமக்கின்றன. மார்பில் கதிர்வீச்சும் பெற்றிருந்தால் ஆபத்து கூடும். பத்து, இருபது ஆண்டுகள்கூட எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம். 1970 முதல் 1986 வரை புற்றுநோய் கண்டறியப்பட்டுப் பிழைத்த 14,000-க்கும் மேற்பட்ட வட அமெரிக்கக் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2009-இல் வெளியானது. உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டால், இவர்களுக்கு இதயச் செயலிழப்பு ஏறக்குறைய ஆறு மடங்கும், மாரடைப்பு ஐந்து மடங்கும் அதிகமாக இருந்தன.

அது அந்தக் கால சிகிச்சை, இன்று அளவு குறைந்துவிட்டதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். யார் எவ்வளவு மருந்து பெற்றார்கள் என்று எழுதிய அந்தத் தாள் தேவைப்படுவதும் அதனால்தான். உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஆந்த்ராசைக்ளின் பெற்றவர்கள் அதிக ஆபத்துள்ளவர்கள். இவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், நடுத்தர ஆபத்துள்ளவர்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொல்கிறது 2023-இல் திருத்தப்பட்ட சர்வதேச வழிகாட்டி. குறைந்த அளவே பெற்றவர்களுக்கு அதுவும் வேண்டியதில்லை. யார் எந்தப் பிரிவு என்று தெரியாவிட்டால் எல்லோரும் பயப்பட வேண்டியிருக்கும், அல்லது எல்லோரும் அலட்சியமாக இருந்துவிடுவார்கள். உயர் ரத்த அழுத்தம் சேர்ந்தால் இந்த ஆபத்து பல மடங்காகும் என்பதும் ஆய்வில் தெரிந்திருக்கிறது. இந்தியாவில் வயதுவந்தோரில் மூன்றில் ஒருவருக்கு மேல் உயர் ரத்த அழுத்தம் இருப்பதாக ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-இல் சொன்னது. அந்த வகையில் நம் பிள்ளைகளுக்கு எச்சரிக்கை கூடுதலாகவே வேண்டும்.

இன்னொரு மறுப்பு வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. ‘சின்ன வயசுல கேன்சராம்’ என்ற பேச்சு கிளம்பினால் பெண்ணுக்கு வரன் அமையாது என்று பழைய ஃபைலை மறைத்துவிடும் பெற்றோர் உண்டு. ஊர் வாய்க்கு அஞ்சுவது புரிகிறது. ஆனால், கர்ப்ப காலத்தில் இதயத்தின் வேலை பெருமளவு கூடுகிறது. பழைய சிகிச்சை தெரியாத மகப்பேறு மருத்துவர், மூச்சிரைப்பைச் சாதாரணக் களைப்பாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஊருக்குச் சொல்லாவிட்டாலும் மருத்துவருக்குச் சொல்லியே தீர வேண்டும்.

பனியன் கம்பெனியிலோ தறியிலோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவது சுலபமில்லை என்பதும் உண்மை. ஆனால், எக்கோ எடுப்பது சில ஆண்டுக்கு ஒருமுறைதான். ரத்த அழுத்தத்தை ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஊழியர்கள் வீடு தேடியே வருகிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டியவர்களின் பட்டியலில், வயது குறைவென்று பாராமல், இந்த இளைஞர்களையும் சேர்ப்பது அரசுக்குப் பெருஞ்செலவாகாது. சிகிச்சை முடிந்த குழந்தைகளுக்கென மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1991-லேயே தனிப் பிரிவு தொடங்கியது. எனவே இது நம் நாட்டில் நடக்காத காரியமில்லை.

சிகிச்சை முடித்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், மருத்துவமனையில் மூன்றே விவரங்களை எழுதி வாங்குங்கள்: மருந்தின் பெயர், மொத்த அளவு, மார்பில் கதிர்வீச்சு உண்டா இல்லையா. ரேஷன் கார்டைப் பத்திரப்படுத்தும் இடத்திலேயே அந்தத் தாளும் இருக்கட்டும்.