வெந்நீரும் கடைசலும்: ஜப்பானின் காகா நகரம்

ஜப்பானின் மேற்குக் கரையோரம், இஷிகாவா மாநிலத்தின் தென்கோடியில் அமைந்துள்ளது காகா நகரம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை சுமார் 63,000. நம் நாட்டு அளவுகோலில் சிறிய ஊரே. ஆயினும் யமாஷிரோ, யமனாகா, கதாயமாசு என்னும் மூன்று வெந்நீர் ஊற்றுகளும், யமனாகா அரக்குக் கலம், குதானி பீங்கான் என்னும் இரு புகழ்பெற்ற கைத்தொழில்களும் அதற்கு உரியவை. சுற்றுலா ஏடுகள் இவற்றைத் தனித்தனியே வருணிக்கின்றன. வரவும் செலவும் பார்த்துப் பழகிய கண்ணுக்கோ இவை ஒரே பேரேட்டின் இரு பக்கங்களாகவே தோன்றுகின்றன.

ஜப்பானில் ஒரு நீரூற்றை 'ஓன்சென்' என அழைக்க 1948ஆம் ஆண்டின் சட்டம் வரையறை வகுத்துள்ளது. ஊற்றுக்கண்ணில் வெப்பம் 25 பாகையேனும் இருத்தல் வேண்டும். அன்றேல், குறிப்பிட்ட தாதுக்களுள் ஒன்றேனும் உரிய அளவில் கலந்திருத்தல் வேண்டும். காகாவின் ஊற்றூர்களில் பொதுக் குளியல் இல்லமே ஊரின் நடுவம்; விடுதிகளும் கடைகளும் அதனைச் சூழ்ந்து வளர்ந்தன. குளிக்க வருவோரிடம் உள்ளாட்சி ஒரு வரியும் பெறுகிறது. அதன் பொது வீதம் நாளொன்றுக்கு 150 யென். ஊற்றுகளின் பாதுகாப்பு, சுகாதாரம், தீயணைப்பு, சுற்றுலா வளர்ச்சி போன்ற பணிகளுக்கே அத்தொகை செலவிடப்பட வேண்டும் என்பது சட்டம். வரும் விருந்தினரே ஊற்றைக் காக்கும் செலவில் பங்கேற்கும் இவ்வேற்பாடு பாராட்டத்தக்கது.

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், யமனாகாவுக்கு மேலே ஆற்றின் தலைப்பகுதியில் மரக் கடைசல்காரர்கள் குடியேறினர். அவர்கள் கடைந்த கிண்ணங்களும் தட்டுகளும் நீராட வந்தோருக்கு நினைவுப் பொருள்களாக விற்றன. பழங்காலத்தில் நோய் தீர வருவோர் நாள்கணக்கில் தங்குவர். 1689இல் இங்கு வந்த கவிஞர் பாஷோவும் எட்டு இரவுகள் தங்கினார். கைவினைஞனுக்கு இதைவிட நல்ல சந்தை ஏது? வாங்குபவர் தாமே தேடி வருகிறார். அவருக்கு அவசரமும் இல்லை.

யமனாகாவின் தனிச்சிறப்பு கடைசலில் உள்ளது. மரத்தைப் பலகையாக அறுத்து அதிலிருந்து கிண்ணம் எடுப்பது பல இடங்களின் வழக்கம். இங்கோ, மரம் வளர்ந்த திசையிலேயே நார் நிமிர்ந்து நிற்குமாறு துண்டை வெட்டுகின்றனர். அடிமரத்தின் பருமனுக்கு மிஞ்சிய கலம் செய்ய இயலாது என்பது இதன் குறை. ஆனால் உலரும்போது கோணல் குறைவு. மிக மெல்லிதாகக் கடையலாம். மூடி பிசகின்றிப் பொருந்தும். கடைசல்காரர் தம் உளிகளைத் தாமே காய்ச்சி அடித்துக்கொள்கிறார். கடைந்த கலத்திற்கு உருஷி மரத்தின் பாலைப் பூசுவது வேறொருவர் தொழில்.

குதானி பீங்கானின் கதை வேறு. 1655ஆம் ஆண்டளவில், தாயிஷோஜி சிற்றரசின் ஆதரவில், மலைக்குள் இருந்த குதானி ஊரில் சூளை தொடங்கியது. அரை நூற்றாண்டில் அணைந்தும் போயிற்று. 1824இல் தொயோதா தென்எமோன் என்னும் வணிகர் அங்கு மீண்டும் சூளை எழுப்பினார். இரண்டே ஆண்டுகளில் அதனை யமாஷிரோ ஊற்றருகே மாற்றிக்கொண்டார். தொலைவான மலையைவிட ஆள் நடமாட்டமுள்ள ஊற்றங்கரை தொழிலுக்கு ஏற்றதாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் யமனாகா துணிந்து ஒரு முடிவெடுத்தது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கலங்களின்மேல் செயற்கைப் பூச்சுப் பூசி மலிவாக விற்கத் தொடங்கியது. திருமண அன்பளிப்புச் சந்தையில் அவை பெரிதும் விலைபோயின. ஜப்பானின் மிகப் பெரிய அரக்குக் கல மையங்களுள் ஒன்றாக ஊர் உயர்ந்தது. இதைப் பாரம்பரியத்திற்கு இழைத்த துரோகம் எனச் சிலர் கருதலாம். நான் அவ்வாறு எண்ணவில்லை. வணிகர்களும் பூச்சுக்காரர்களும் ஊரைவிட்டுப் போகாமல் நின்றதற்கு அவ்வருவாயே காரணம்.

இன்று நகரை அச்சுறுத்துவது மக்கள் குறைவு. 2014இல் ஓர் ஆய்வுக் குழு, மறைந்துபோகக்கூடிய ஊர்களின் பட்டியலில் காகாவையும் சேர்த்தது. இளம்பெண்கள் எண்ணிக்கையில் எதிர்பார்க்கப்பட்ட சரிவே அதன் அளவுகோல். 2024 மார்ச்சில் ஷிங்கான்சென் அதிவேக ரயில் காகாவுக்கு வந்து சேர்ந்தது. விருந்தினர் வருவர், கடைவோர் யார்? அதற்கென 1997இலேயே இஷிகாவா மாநிலம் யமனாகாவில் கடைசல் பயிற்சிக்கூடம் ஒன்றை நிறுவியிருந்தது. தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற தொழிலை, வெளியூர் இளைஞரும் அங்கு பயில முடிகிறது.

காகா சென்று கலம் வாங்க விரும்புவோர் பொருளுடன் வரும் சீட்டைப் பார்த்தல் நலம். அடிப்பொருள் மரமா பிளாஸ்டிக்கா, மேற்பூச்சு உருஷியா செயற்கைப் பூச்சா என்பதை அது தனித்தனியே குறிப்பிடும். விலை வேறுபாட்டின் காரணமும் அங்கேயே விளங்கும்.