கர்ணன் கட்டாத வேடம்

மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள அமிர்தகழி என்றதும் பலருக்கு மாமாங்கேஸ்வரர் ஆலயமும் ஆடி அமாவாசைத் தீர்த்தமுமே நினைவில் எழும். எனக்கோ கூத்துக் களரி நினைவில் எழும். ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடிய பேராசிரியர் சி. மௌனகுரு 1943இல் பிறந்த ஊர் அது.

அவ்வூர்ப் பக்கத்தில் சிறுவனாக நான் பார்த்த ‘கர்ணன் போர்’ கூத்தில் குந்தியாக ஆடியவர், பகலில் வாவியில் வலைவீசும் இளைஞர். மீசையை மழித்துச் சேலை கட்டி நின்ற அவரைக் களரியைச் சூழ்ந்திருந்த எல்லோரும் அறிவர். ஆயினும் அவர் புலம்பியபோது என் அம்மம்மா தேம்பி அழுதார். அறிந்த வேடம் எவ்வாறு அழவைக்கும் என்ற ஐயம் அன்றே என்னுள் விழுந்தது.

பிற்காலத்தில் ஐரோப்பியரின் பரோக் கால இசை நாடகங்களைப் பற்றிப் படித்தபோது அந்த ஐயம் மீண்டும் எழுந்தது. 1640இல் வெனிஸ் நகரில் மேடையேறிய மொன்டெவெர்டியின் நாடகத்தில், உலிசே மன்னன் கிழப் பிச்சைக்காரனாகத் தன் அரண்மனைக்கே வருகிறான். 1735இல் லண்டனில் மேடையேறிய ஹாண்டெலின் ‘அல்சினா’விலோ, காதலனை மீட்கப் புறப்பட்ட பிரடமான்தே தன் சகோதரனின் பெயரையும் ஆணுடையையும் பூண்கிறாள். இவ்விடங்களிலெல்லாம் வேடம் கதைமாந்தரின் கண்களையே மறைக்கிறது. பார்ப்போருக்கு உண்மை தெரியும். நம் கூத்திலும் பாத்திரம் களரிக்கு வரும்போதே தான் இன்னார் என்பதைப் பாட்டால் அறிவித்துவிடுகிறது.

ஆனால் உலிசேயின் வேடம் கலைந்தால் இல்லறம் மீளும். பிரடமான்தேயின் வேடம் கலைந்தால் காதல் மீளும். கர்ணனுக்கு எது மீண்டது?

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றிய கூத்தும் ‘கர்ணன் போர்’தான். அக்கதையில் வேடங்களுக்குக் குறைவில்லை. இந்திரன் முதிய அந்தணனாக வந்து கவச குண்டலங்களை இரக்கிறான். வந்தவன் யாரென அறிந்தும் கர்ணன் கொடுக்கிறான். பிறர் வேடத்தை ஊடுருவிக் கண்ட அவனுக்குத் தன் பிறப்பே நெடுங்காலம் மறைபொருள். தேரோட்டி மகன் என்ற வேடத்தை அவன் விரும்பிக் கட்டவில்லை. தாயின் அச்சம் கட்டியது; குலம் எதுவெனக் கேட்ட சபை அதனை இறுக்கியது. தான் களத்தில் வீழ்ந்தபின் உலகறிய மகன் என்று சொல்லவேண்டும் என்பதே, வில்லிபாரதத்தில் அவன் தாயிடம் கேட்கும் வரம்.

அம்மம்மா அழுத காரணம் இப்போது விளங்குகிறது. வேடத்தால் ஏமாந்து அவர் அழவில்லை. கர்ணன் யாரென்று இரவு முழுவதும் அறிந்திருந்தும், களரிக்குள் எழுந்து சென்று அதைச் சொல்ல முடியாமையால் அழுதார்.

கூத்து விடியலில் முடிந்தது. சேலையைக் களைந்த குந்தி வலையோடு வாவிக்குப் போனார். குலம் கேட்கும் சபை மட்டும் இன்னும் கலையவில்லை. அந்தச் சபையில் நாம் எந்தப் பக்கம் அமர்ந்திருக்கிறோம் என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.